தொலைபேசிப் புத்தகத்தில் தொடங்கிய கதை



ஓ/எல் ரிசல்ட் வெளியாகும் இரவில் நமது வீடுகளில் என்ன நடக்கும் என்று யாருக்கும் சொல்லித் தரத் தேவையில்லை. பிள்ளை போனைக் கையில் வைத்துக்கொண்டு நடுங்கும். உம்மா பக்கத்தில் நின்று ஓதிக்கொண்டிருப்பா. வாப்பா ஒன்றும் நடக்காத மாதிரி வாசலில் உட்கார்ந்திருப்பார். சுட்டெண்ணைத் தட்டினால் கொஞ்ச நேரம் சுற்றும். பிறகு பெயர், பாடங்கள், பெறுபேறுகள் எல்லாம் ஒரு பக்கமாக வந்து நிற்கும்.

உயர்தரத்தில் கொம்பியூட்டர் படிக்கும் பிள்ளைகளிடம் நாங்கள் கேட்பதுண்டு: "அந்தப் பக்கம் நீங்கள் தட்டுவதற்கு ஒரு நிமிடம் முன்பு எங்கே இருந்தது?" அநேகமானோர் "சேர்வரில் இருந்தது சேர்" என்பார்கள். இல்லை. அது எங்கேயும் இருக்கவில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம் என்று யாரும் எழுதி வைப்பதில்லை. இருப்பது ஒரே தரவுத்தளம். நீங்கள் சுட்டெண்ணைத் தட்டியதும் நடுவில் நிற்கும் ஒரு மென்பொருள் அதை வாங்கிக்கொண்டு உள்ளே போகிறது, உரிய வரியை எடுக்கிறது, அதைப் பக்கமாக எழுதி உங்கள் கையில் தருகிறது. நீங்கள் பார்த்து முடித்ததும் அந்தப் பக்கம் இல்லாமல் போய்விடும்.

நடுவில் நிற்கும் இந்த மென்பொருளுக்கு ஆரம்பத்தில் வைத்த பெயர் 'கேட்வே', நமது பாஷையில் நுழைவாயில். இன்று அந்தப் பெயரைச் சொல்பவர்கள் குறைவு. அதன் வரலாற்றை இப்போது எழுதுவதற்குக் காரணம் நமது மஹல்லாவில் நடக்கும் ஒரு விடயம். அதற்குக் கடைசியில் வருகிறோம்.

கதை தொடங்குவது சுவிட்சர்லாந்தில், ஜெனீவாவுக்குப் பக்கத்திலுள்ள சேர்ன் என்ற பௌதிக ஆய்வு நிலையத்தில். 1989 மார்ச்சில் டிம் பேர்ணர்ஸ்-லீ அங்கேதான் வலைக்கான யோசனையை முதலில் எழுதிக் கொடுத்தார். 1990 முடிவதற்குள் முதலாவது சேர்வரும் முதலாவது உலாவியும் ஓடத் தொடங்கிவிட்டன. ஆனால் பார்ப்பதற்கு என்ன இருந்தது? வலையைப் பற்றி வலையிலேயே எழுதிய சில பக்கங்கள். இதைப் பார்க்க யார் வருவார்கள்?

அதே சேர்னில் ஆயிரக்கணக்கானோர் தினமும் தேடிய ஒரு பொருள் இருந்தது, நிலையத்தின் தொலைபேசிப் பட்டியல். அது இருந்தது பெரிய மெயின்பிரேம் கணினிக்குள். ஒருவருடைய இலக்கம் வேண்டுமென்றால் அந்தக் கணினிக்குள் கணக்குத் திறந்து, கடவுச்சொல் கொடுத்து, அதற்கென்று உள்ள கட்டளையைத் தட்ட வேண்டும். அந்த மெயின்பிரேமில் தகவல் தேடும் ஏற்பாட்டைக் கவனித்து வந்த பேர்ன்ட் பொல்லர்மன் என்பவர், வலையிலிருந்து வரும் கேள்வியை அந்த ஏற்பாட்டுக்கு எடுத்துக் கொடுக்கும் ஒரு வாயிலை அமைத்தார். நிக்கோலா பெல்லோ என்ற மாணவி, எந்தப் பழைய திரையிலும் ஓடக்கூடிய எளிய உலாவி ஒன்றை எழுதிக் கொடுத்தார். பிறகு கணக்கும் தேவையில்லை, கட்டளையும் தேவையில்லை. பெயரைத் தட்டினால் இலக்கம் வந்தது. சேர்னில் பலருக்கு அந்தக் காலத்தில் வலை என்றால் டெலிபோன் நம்பர் பார்க்கும் ஒரு புது வழி, அவ்வளவுதான். உலகத்தையே மாற்றிய கண்டுபிடிப்பு வீட்டுக்குள் நுழைந்தது டெலிபோன் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டுதான்.

அடுத்த கட்டம் அமெரிக்காவில். கலிபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த ஸ்லாக் என்ற ஆய்வு நிலையத்தின் நூலகத்தில் 'ஸ்பயர்ஸ்' என்றொரு தரவுத்தளம் இருந்தது. துகள் பௌதிகத்தில் உலகெங்கும் எழுதப்படும் ஆய்வுக் கட்டுரைகளின் பட்டியல் அது. 1974 முதல் பொறுமையாகச் சேர்த்து வந்தார்கள். அச்சாகுமுன் கைப்பிரதியாகச் சுற்றும் கட்டுரைகளைக்கூடப் பதிந்து வைத்ததால் அந்தத் துறையில் உள்ள எல்லோருக்கும் அது தேவைப்பட்டது. ஆனால் கேட்பது சுலபமில்லை. தூரத்தில் இருந்தவர்கள் தமது கேள்வியை ஒரு குறிப்பிட்ட ஒழுங்கில் எழுதிக் கணினிச் செய்தியாக அனுப்பி, பதில் வரும்வரை காத்திருப்பார்கள். ஒழுங்கு தவறினால் பதில் வராது.

1991 செப்டெம்பரில் ஸ்லாக்கின் பௌதிக விஞ்ஞானி போல் குன்ஸ் சேர்னுக்குப் போயிருந்தார். பேர்ணர்ஸ்-லீ அவருக்கு வலையைக் காட்டினார். எழுத்துகளும் இணைப்புகளும் அவரைப் பெரிதாக அசைக்கவில்லையாம். மேசையிலிருந்த கணினியில் ஒரு கேள்வியைத் தட்ட, வேறோரிடத்திலிருந்த மெயின்பிரேம் பதில் சொன்னது. அதைப் பார்த்தபோதுதான் அவருக்கு விளங்கியது. மெயின்பிரேமிலுள்ள ஒரு பட்டியலை இப்படித் திறக்கலாம் என்றால் ஸ்பயர்ஸையும் திறக்கலாமே?

ஊர் திரும்பி அவர் போய்ச் சொன்னது ஸ்லாக்கின் நூலகர் லூயிஸ் அடிஸ் அம்மையாரிடம். பெரிய மனிதர்களின் பெயர்களோடு எழுதப்படும் கணினி வரலாற்றில் ஒரு நூலகர் சரியான நேரத்தில் சரியான இடத்தில் நிற்பதைக் காண்பது எங்களுக்குத் தனிச் சந்தோசம். பாடசாலை நூலகத்தை ஒரு பூட்டுப் போட்ட அறையாக மட்டும் நினைக்கும் நம்மவர்கள் இதைக் கவனிக்கட்டும். எத்தனையோ பேர் எங்கிருந்தெல்லாமோ இந்தப் பட்டியலைக் கேட்டு வருந்துவதை வருடக்கணக்காகப் பார்த்தவர் அவர். இந்த வாயில் எதற்கு என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வேலையை விடாமல் பின்தொடர்ந்து செய்வித்தார். 1991 டிசம்பர் 12ஆம் திகதி ஸ்லாக்கின் வலைச் சேர்வர் ஓடத் தொடங்கியது. ஐரோப்பாவுக்கு வெளியே உலகின் முதலாவது வலைச் சேர்வர் அதுதான். குன்ஸ், அடிஸ், மென்பொருள் வேலையில் பங்கெடுத்த டெரி ஹங் ஆகிய மூவருக்கும் நன்றி சொல்லி பேர்ணர்ஸ்-லீ அதை அறிவித்தார்.

முதற்பக்கம் சில வரிகள்தான். அழகு இல்லை, படம் இல்லை. ஒரு இணைப்பு ஸ்பயர்ஸுக்கு, இன்னொன்று ஸ்லாக்கில் வேலை செய்பவர்களின் விபரப் பட்டியலுக்கு. பாருங்கள், இங்கும் டெலிபோன் புத்தகம் பின்னாலேயே வந்துவிட்டது.

அடுத்த மாதம், 1992 ஜனவரியில், பிரான்சின் தெற்கில் நடந்த பௌதிகக் கருத்தரங்கொன்றில் பேர்ணர்ஸ்-லீ வலையைச் செய்து காட்டினார். கடைசியில் அங்கிருந்தபடியே கலிபோர்னியாவிலிருந்த ஸ்பயர்ஸைக் கேட்டுப் பதில் வாங்கிக் காட்டினார். அதன் பிறகு வலை என்றால் என்ன என்று பௌதிகக்காரர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அவர்களுக்குத் தேவையான பொருள் அதற்குள் இருந்தது. (ஸ்பயர்ஸ் 2012 வரை ஓடியது. பிறகு இன்ஸ்பயர் என்ற புதிய ஏற்பாடு அதன் இடத்தை எடுத்துக்கொண்டது.)

அந்த நாளிலிருந்து இன்றுவரை மாறாத ஓர் அடையாளம் உண்டு. கூகுளிலோ வேறு ஏதாவது தளத்திலோ எதையாவது தேடிவிட்டு மேலே உள்ள முகவரியைப் பாருங்கள். பெரும்பாலும் நடுவில் ஒரு கேள்விக்குறி இருக்கும். அதற்கு இடது பக்கம் உள்ளது வாயிலின் முகவரி. வலது பக்கம் உள்ளது நீங்கள் கேட்ட கேள்வி. தொடக்க காலத்தில் ஒரே ஒரு பெட்டிதான், அதில் சொற்களைத் தட்டலாம். பெயருக்கு ஒரு பெட்டி, ஊருக்கு ஒரு பெட்டி என்று படிவம் நிரப்பும் வசதி 1993இல் மொசைக் உலாவியோடுதான் பரவியது.

இனி சிஜிஐ. முதல் இரண்டு வருடங்களும் ஒவ்வொருவரும் தத்தமது சேர்வருக்கு ஏற்ற மாதிரி வாயிலை எழுதினார்கள். ஓர் இடத்து வாயில் இன்னோர் இடத்தில் ஓடாது. 1993இல் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்திலுள்ள என்சிஎஸ்ஏ நிலையத்தில் சேர்வர் எழுதிக்கொண்டிருந்த ரொப் மெக்கூல் என்ற மாணவரும், சேர்ன் உட்பட வேறு இடங்களில் சேர்வர் எழுதியவர்களும் பேசிப் பொது ஒழுங்கொன்றுக்கு வந்தார்கள். அதுதான் 'கொமன் கேட்வே இன்டர்ஃபேஸ்', சுருக்கமாக சிஜிஐ.

இதைப் பிள்ளைகளுக்கு நாங்கள் கந்தோர் பியோனை வைத்து விளக்குவோம். கந்தோர் கவுண்டரில் இருப்பவருக்குக் கோப்பு அறையைப் பற்றி ஒன்றும் தெரியாது. நீங்கள் ஒரு துண்டில் எழுதிக் கொடுக்கிறீர்கள். அவர் ஒரு பியோனைக் கூப்பிட்டுத் துண்டைக் கையில் கொடுக்கிறார். பியோன் உள்ளே போய்த் தேடி, கிடைத்ததை ஒரு தாளில் எழுதி, மேலே 'இது இன்ன வகைத் தாள்' என்று ஒரு தலைப்பு வரியும் போட்டு, ஒரு வரி இடைவெளி விட்டுக் கொண்டுவந்து தருகிறார். கவுண்டரில் இருப்பவர் அதை உங்களிடம் நீட்டுகிறார். சிஜிஐ சொன்னது இவ்வளவுதான்: துண்டு எப்படி இருக்க வேண்டும், தாள் எப்படி இருக்க வேண்டும். பியோன் யார், எந்த மொழி பேசுபவர் என்பதைப் பற்றி அது கவலைப்படவில்லை. சி மொழியில் எழுதலாம், பேர்ளில் எழுதலாம். பழைய தரவுத்தளத்தில் கை வைக்கவே தேவையில்லை. இதனால்தான் அது காட்டுத்தீ போலப் பரவியது.

என்சிஎஸ்ஏயிலேயே ஜிஎஸ்கியூஎல் என்ற வாயில் வந்தது. ஐரோப்பிய வானியல் நிலையமொன்றில் ஹபிள் தொலைநோக்கியின் தரவுகளைத் திறக்க டபிள்யூடிபி என்றொன்று எழுதினார்கள். ரசிகர்கள் சேர்ந்து தொகுத்த சினிமாப் பட்டியலொன்று 1993இல் வேல்ஸிலுள்ள கார்டிஃப் பல்கலைக்கழகச் சேர்வரில் ஏறியது. நமது பிள்ளைகள் இரவு பகலாகப் பார்க்கும் ஐஎம்டிபி அதுதான்.

ஆனால் இந்த ஏற்பாட்டில் ஒரு சிரமம் இருந்தது. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு புதுப் பியோனை வேலைக்கு எடுத்து, தாள் வந்ததும் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். பத்துப் பேர் வந்தால் பரவாயில்லை. பத்தாயிரம் பேர் ஒரே நேரத்தில் வந்தால்? வாசலில் பியோன்மாரின் நெரிசலே பெரிதாகிவிடும். அதனால்தான் 1996 அளவில் பியோனை நிரந்தரமாக உட்கார வைக்கும் முறைகள் வந்தன. கிரீன்லாந்தில் பிறந்த ராஸ்மஸ் லெர்டோர்ஃப் தமது சொந்தப் பக்கத்துக்காக எழுதிய சிறு சிஜிஐ மென்பொருள்களை 1995 ஜூனில் எல்லோருக்கும் வெளியிட்டார். அதுதான் வளர்ந்து பிஎச்பி ஆனது. அதே வருடம் மைஎஸ்கியூஎல் தரவுத்தளமும் வந்தது. இரண்டும் இலவசம். உயர்தர ஐசிடி பாடத்தில் நமது பிள்ளைகள் இன்று மனப்பாடம் பண்ணும் அந்த ஜோடி இப்படித்தான் சேர்ந்தது.

இனி வாயிலின் மறுபக்கம். 1996இல் உலகத்தையே உலுக்கிய ஒரு பாதுகாப்பு ஓட்டை எங்கே இருந்தது தெரியுமா? டெலிபோன் புத்தகத்தில்தான். என்சிஎஸ்ஏ, அபாச்சி சேர்வர்களோடு மாதிரிக்காக இலவசமாக வந்த 'பிஎச்எஃப்' என்ற சிறு வாயில் அது, பெயரைக் கொடுத்தால் தொலைபேசி இலக்கத்தைத் தேடித் தரும். துண்டில் ஒரு பெயரை எழுதி, அடுத்த வரியில் 'அப்படியே கணினியிலுள்ள கணக்குகளின் கோப்பையும் கொண்டு வா' என்று எழுதினால், பியோன் இரண்டையும் கட்டளையாக எடுத்துக்கொண்டு சொன்னபடி செய்தார். ஆபத்தான குறிகளையெல்லாம் வடிகட்டியவர்கள் 'அடுத்த வரி' என்ற குறியை மறந்துவிட்டார்கள். ஒரே ஒரு குறி. 1998இல் ஒருவர், படிவத்தின் பெட்டியில் தரவுத்தளக் கட்டளைகளையே எழுதி உள்ளே போகலாம் என்று விபரமாக எழுதினார். இத்தனை வருடம் கழித்தும் அந்த ஓட்டை முற்றாக அடைபடவில்லை.

நமது நாட்டுக்கு வருவோம். 2004 டிசம்பர் 26. அந்த நாளைப் பற்றி நமது கரையோர மக்களுக்கு நாம் எழுதத் தேவையில்லை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். அல்லாஹ் அவர்களைப் பொருந்திக்கொள்வானாக. அந்த நாட்களில் ஒவ்வொரு பாடசாலைச் சுவரிலும், ஒவ்வொரு பள்ளிவாசல் கதவிலும் கையால் எழுதிய பட்டியல்கள் தொங்கின. ஒரு முகாமில் உம்மா, இன்னொரு முகாமில் பிள்ளை. பட்டியல்கள் இருந்தன. ஒன்றோடொன்று பேச அவற்றுக்கு வாய் இல்லை.

அந்த வாரத்திலேயே நமது நாட்டுக் கணினித்துறை இளைஞர்கள் நூற்றுக்கணக்கில் ஒன்றுசேர்ந்து பிஎச்பியிலும் மைஎஸ்கியூஎல்லிலும் ஒரு மென்பொருளை எழுதினார்கள். 'சஹன' என்று பெயர் வைத்தார்கள், சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். காணாமற்போனோர், முகாம்கள், உதவி நிறுவனங்கள், தேவைகள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிவேடு, எல்லாவற்றுக்கும் வலையில் ஒரு வாயில். லங்கா சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷன் அதைப் பொறுப்பேற்று வளர்த்தது. 2005இல் பாகிஸ்தான் பூமியதிர்ச்சியின்போதும், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவின்போதும் அந்த நாடுகள் இதே மென்பொருளை எடுத்துப் பாவித்தன. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகப் பயன் விருது 2006ஆம் ஆண்டுக்கு சஹனவுக்குக் கிடைத்தது. இந்த வரலாற்றில் உலகத்துக்கு நாம் கொடுத்த பங்கு அது. நமது பாடப் புத்தகங்களில் அதற்கு ஒரு பக்கமாவது கொடுத்திருக்கலாம்.

பெயரைக் கொண்டு ஆளைத் தேடும் எந்த வாயிலுக்கும் நமது சமூகத்தில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. முஹம்மத் என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறோம்? வாப்பாவின் அடையாள அட்டையில் ஒரு விதம், மகனின் பிறப்புச் சான்றிதழில் வேறு விதம். உச்சரிப்பை வைத்துத் தேடும் 'சவுண்டெக்ஸ்' என்றொரு முறை உண்டு, 1918இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது. முஹம்மதின் பல எழுத்துகளை அது ஒன்றாகப் பிடித்துவிடும். ஆனால் முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொள்ளும். ஆகவே எஸ்ஸில் தொடங்கும் ஸைனபும் இசட்டில் தொடங்கும் ஸைனபும் அதற்கு இரண்டு பெண்கள். நமக்கோ ஒரே மாமிதான்.

இப்போது நமது விடயம். நமது ஜமாஅத் பதிவேட்டை வலையில் ஏற்றி, யாரும் தேடிப் பார்க்கும்படி ஒரு வாயில் வைக்க வேண்டும் என்று வாலிபர்கள் கேட்கிறார்கள். நல்ல எண்ணம். செயலாளர் காக்காவின் அலுமாரியில் கிடக்கும் அந்தப் பெரிய கொப்பியைக் கறையான் தின்பதற்கு முன் அதைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் நமக்கும் இரண்டாம் பேச்சு இல்லை. நம்மிடம் படித்த பிள்ளைகளே ஒரு மாதிரியைச் செய்து லப்டொப்பில் கொண்டுவந்து காட்டினார்கள். அழகாகச் செய்திருந்தார்கள். பெயர்ப் பெட்டியில் எதையும் தட்டாமல் 'தேடு' என்பதை அழுத்தினோம். முழுப் பதிவேடும் கொட்டியது. வீட்டு இலக்கம், தொலைபேசி இலக்கம், எந்தக் குடும்பத்தில் ஆண் துணை இல்லை, யாருக்கு ஸகாத் கொடுக்கப்பட்டது, எவ்வளவு. எல்லாம்.

பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. 1996இல் பெரிய நிலையங்களே செய்த பிழை அது. ஆனால் பெயர்ப் பட்டியல் என்றால் என்ன என்பதை இந்த நாட்டில் பிறந்த நாம் மறக்க முடியாது. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர்களின் வீடுகளைத் தேடிப் போனவர்களின் கைகளில் வாக்காளர் பட்டியல் இருந்தது. 2019க்குப் பிறகு நமது பெயர்களும் எப்படியெல்லாம் பட்டியலிடப்பட்டன, யார் கையிலெல்லாம் போயின என்று நமக்குத் தெரியும். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்று 2022இல் 9ஆம் இலக்கச் சட்டமும் வந்திருக்கிறது. வலது கை கொடுத்தது இடது கைக்குத் தெரியாமல் இருக்க வேண்டும் என்று ஜும்ஆவில் கேட்டுவிட்டு வந்து, ஸகாத் வாங்கிய குடும்பத்தை உலகமே தேடிப் பார்க்கும்படி வைப்போமா?

ஓ/எல் ரிசல்ட் வாயில் சுட்டெண் இல்லாமல் பேசாது. 'இந்த ஊரில் யார் யார் ஃபெயில்?' என்று அதனிடம் கேட்க முடியாது, அந்தக் கேள்விக்குப் பெட்டியே வைக்கவில்லை. நமது வாயிலையும் அப்படிச் செய்யலாம் என்று பிள்ளைகளிடம் சொன்னோம். ஸகாத், விதவைகள் விபரம் எதுவும் அந்தக் கணினிக்கே போகாது, கொப்பியிலேயே இருக்கட்டும். நூலகப் புத்தகப் பட்டியல், ஜனாஸா அறிவித்தல், இரத்ததானத்துக்குச் சம்மதித்தவர்களின் இரத்த வகை, இவை திறந்திருக்கலாம். குடும்ப விபரம் வேண்டுமானால் சந்தா இலக்கமும் வீட்டு இலக்கமும் இரண்டும் சரியாக இருந்தால், அந்த ஒரு குடும்பத்துக்கு மட்டும். பிள்ளைகள் தலையாட்டிவிட்டுப் போய்த் திருத்திக்கொண்டிருக்கிறார்கள்.

வரும் வியாழன் இஷாவுக்குப் பிறகு பள்ளியில் கூடுகிறோம். எந்தப் பெட்டிகளை வைப்பது, எவற்றை வைக்கக்கூடாது என்று ஜமாஅத்தார் எல்லோரும் சேர்ந்துதான் முடிவெடுக்க வேண்டும். பெண்களின் கருத்தும் வேண்டும், அவர்களுடைய விபரம்தானே அதிகம் உள்ளே இருக்கிறது. வரும்போது வீட்டில் உள்ள ஒவ்வொருவருடைய பெயரும் அடையாள அட்டையில் எந்த எழுத்தில் இருக்கிறது என்று ஒரு துண்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். ஸைனப் மாமியை இரண்டு தடவை பதியாமல் இருக்க அது உதவும்.